மூடியில் எழுதிய தேதி

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கை கழுவிய ஜோதியம்மாள், ஆள்காட்டி விரலில் ஓர் எரிச்சலை உணர்ந்தாள். காலையில் காய் நறுக்கியபோது பட்ட கீறல். தண்ணீருக்கு எரியாத கீறல், சோப்பு பட்டதும் எரிந்தது. குழாயடியில் இருந்த சோப்பு உருண்டையை எடுத்து நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தாள். சுருக்கென்றது.

மறுபடியும் தொட்டாள். மறுபடியும் சுருக்கென்றது. ஆறிய சோப்பு நாக்கைக் குத்தாது. காஸ்டிக் சோடாவின் காரம் அடங்காத சோப்புதான் குத்தும்.

அதே உருண்டைகளில் மூன்றை அவளுடைய தங்கை மகன் பிரசாத் நண்பகலில் வாங்கிக்கொண்டு போயிருந்தான். அவன் அக்கா ரேவதியின் குழந்தைக்கு இன்று முப்பதாம் நாள். இதுவரை பயத்தமாவு மட்டுமே பட்ட உடம்புக்கு இன்றுதான் முதல் சோப்பு. விளக்கு வைக்கும் முன் ஐந்து மணிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று அவனே சொல்லியிருந்தான்.

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆறு ஆண்டுகளாக, வேங்கிக்கால் வீட்டின் பின்னறையில் ஜோதியம்மாள் சோப்பு காய்ச்சிவந்தாள். எண்ணெயையும் சோடாவையும் கிராம் கணக்கில் நிறுத்துச் சேர்ப்பாள். நாற்பது நாள் ஆறாமல் ஒரு கட்டியையும் எவருக்கும் தரமாட்டாள். கட்டி வெட்டும்போது விழும் ஓரச் சீவல்களை ஒரு எவர்சில்வர் டப்பாவில் சேர்த்து, மூன்று மாதம் கழித்துச் சிறிது தண்ணீர் விட்டு ஆவியில் உருக்கி உருண்டை பிடிப்பாள். உறவுக்காரர்கள் கட்டியைவிட அந்த உருண்டையையே விரும்பிக் கேட்டார்கள். அவ்வளவு சாது.

பின்னறையில் ஒரே அளவான இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் பழைய சீவல். மற்றொன்றில் போன சனிக்கிழமை காய்ச்சி, திங்களன்று வெட்டிய சோப்பின் புதுச் சீவல். இரண்டின் மூடியிலும் தேதி ஒட்டியிருந்தது. அவள் பழைய தேதியிட்ட மூடியைத் திறந்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று புதுச் சீவலின் மிச்சம். மற்றதைத் திறந்தாள். மஞ்சள் பாரித்துக் காய்ந்த பழைய சீவல், தொடப்படாமல் இருந்தது.

கிரிவலத்துக்கு வரும் உறவினருக்காகப் புதன்கிழமை அந்த அறையை ஒழித்துக் கொடுத்தாள். அலமாரியைத் துடைத்தாள், டப்பாக்களைத் திறந்து துடைத்தாள், மூடினாள். யாரையும் தொடவிடவில்லை. எல்லாவற்றையும் அவளே செய்தாள். நேற்று உருக்கியபோது சீவல் வழக்கத்தைவிட விரைவாகக் கரைந்தது. அதைக் கண்டு மகிழ்ந்ததும் அவளே.

பிரசாத்தின் கைப்பேசி தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொல்லியது. ரேவதியினுடையது அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தை தூங்குவதற்காக அதை ஊமையாக்கி வைப்பாள் என்பது தெரிந்ததே. ஐந்து முறை அடித்துவிட்டு, ஆசிரமத்துக்கு அப்பாலிருந்த தங்கை வீட்டுக்கு நேரிலேயே போக ஜோதியம்மாள் தெருவுக்கு வந்தாள்.

"ஆசிரமம் வரைக்கும் போவாதும்மா," என்றார் ஆட்டோக்காரர். "பேரிகேட் போட்டாச்சு."

"எது வரைக்கும் போவும்?"

"செங்கம் ரோடு முனைக்கு முன்னாடியே இறக்கிடுவேன். பௌர்ணமி அன்னிக்கு வெளிய கிளம்புறதுன்னா காலையிலயே கிளம்பணும்."

"காலையில தெரியலைங்க," என்று அவள் ஏறி உட்கார்ந்தாள்.

இறங்கியபோது மணி நாலேகால். சாலை முழுவதும் மனிதர்கள் ஒரே திசையில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவள் போகவேண்டிய திசையும் அதுதான். ஆனால் அவர்களுக்கு அவசரமில்லை. தோள்களுக்கு இடையே புகுந்து முன்னேறினாள்.

"ஏம்மா, செருப்போட சுத்தறீங்களே," என்றாள் ஒருத்தி.

"நான் சுத்தலம்மா."

"சுத்தாதவங்க ஓரமா போங்க. எங்கள ஏன் இடிக்கிறீங்க?"

"ஓரத்துல கடை போட்டிருக்காங்க. கொஞ்சம் வழி விடுங்க."

"அவங்க முன்னாடி போய் மலைய திருப்பி வைக்கப் போறாங்களாம், விடுடி," என்றாள் உடன் வந்தவள். இருவரும் சிரித்து ஒதுங்கினார்கள்.

ஜோதியம்மாளின் மணிக்கட்டில் அரிசி அளவில் ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. முதல் ஆண்டில் சோடாக் கரைசல் ஒரு சொட்டுத் தெறித்த இடம். கரைசல் வேறு, சோப்பு வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முப்பது நாள் தோலும் வேறு என்பது உடனே நினைவுக்கு வந்தது. குழந்தை கண்ணைக் கசக்கினால்? அதற்குமேல் எண்ணாமல் நடந்தாள்.

ஆசிரமத்தைத் தாண்டிய சந்தில், தங்கை எல்லம்மாள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. பின்புற முற்றத்தில் எல்லம்மாள் கால்களை நீட்டி மணையில் அமர்ந்திருந்தாள். கால்கள்மேல் குழந்தை குப்புறக் கிடந்தது. ரேவதி சொம்புடன் நின்றாள். எல்லம்மாளின் கையில் நுரை.

"வா அக்கா. என்ன இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"சோப்பு போட்டியா?"

"இப்பதான் தோள்ல வச்சேன். ஏன், உன் சோப்புக்கு நேரம் பார்க்கணுமா?"

"வாசனை ஜாஸ்தியா போச்சு. கொழந்தைக்கு வேணாம்."

"வாசனையே காணோம்," என்று எல்லம்மாள் மறுபடியும் உருண்டையைத் தேய்த்து, கையைக் குழந்தையின் முதுகுக்குக் கொண்டுபோனாள்.

"எல்லம்மா, நான் தப்பு பண்ணிட்டேன். அது ஆறு நாள் சோப்பு. காரம் அடங்கல."

எல்லம்மாளின் கை அந்தரத்தில் நின்றது. ரேவதியின் சொம்பும் நின்றது.

"நீ ஊத்து," என்றாள் ஜோதியம்மாள். "நிறுத்தாம ஊத்து. முகத்துல வழியாம பாத்துக்க."

வெந்நீர் தீர்ந்தபோது அடுப்பிலிருந்ததையும் விளாவி ஊற்றினார்கள். குழந்தை வீறிட்டு அழுதது. துடைத்துப் பார்த்தபோது, இடது தோளில் புளியங்கொட்டை அளவுக்குச் சிவந்திருந்தது. எண்ணெய் தேய்த்த சிவப்பா, சோப்பின் சிவப்பா என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

"பரவினா ஆஸ்பத்திரி," என்றாள் ஜோதியம்மாள். "அரை மணி பார்க்கலாம்."

பால் குடித்துக் குழந்தை தூங்கியது. மூவரும் அந்தத் தோளையே பார்த்திருந்தார்கள்.

"கொழம்புல ஒரு கல்லு உப்பு ஜாஸ்தியானா ஊரையே கூட்டுவியே அக்கா," என்றாள் எல்லம்மாள்.

"கூட்டுவேன்."

"இப்ப என்ன ஆச்சு?"

"மூடி மாறிப்போச்சு. தேதிய மூடியில எழுதி வச்சிருந்தேன்."

"மூடியில எவளாவது எழுதுவாளா? எந்த மூடி எதுக்குன்னு எந்த வீட்டுல தெரியும்? டப்பா மேல எழுதணும்."

"ஆமா," என்றாள் ஜோதியம்மாள். எல்லம்மாள் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து விளக்கேற்றப் போனாள்.

ஆறு மணிக்குச் சிவப்பு வெளிறியிருந்தது. ஜோதியம்மாள் உருண்டைகளைத் திருப்பித் தரச் சொன்னாள்.

"வெள்ளிக்கெழம விளக்கு வச்சப்புறம் வீட்டுல இருந்து ஒண்ணும் வெளிய போவாது," என்றாள் எல்லம்மாள்.

"விஷத்தக் கூடவா வச்சுக்குவ?"

"ஆறினா சரியாயிடும்னு நீதான சொல்லுவ?"

ஜோதியம்மாள் ஒரு பழைய டப்பாவைக் கேட்டு வாங்கினாள். மூன்று உருண்டைகளையும் அதில் இட்டாள். விரல்விட்டு நாள்களை எண்ணி, பிரசாத்தின் பேனாவால் டப்பாவின் உடம்பிலேயே எழுதினாள்: அடுத்த பௌர்ணமி கழித்து ஐந்தாம் நாள்வரை தொடக் கூடாது. எல்லம்மாள் கைக்கு அகப்பட்ட மூடியால் அதை மூடிப் பரணில் ஏற்றினாள்.

"ரேவதி, துணிய விலக்கு."

"இப்பதான பெரியம்மா பாத்தீங்க. தூங்கறான்."

"தெரியுது. இன்னொரு தடவ விலக்கு."