சாயம் வைத்த குஞ்சுகள்

1

இந்தக் கதையின் விதை எனக்குக் கிடைத்தது ஆழ்வார்பேட்டையில், ஷரீஃபின் தையற்கடையில். சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்க வூட்ல கோழி சாப்டுவோம் சார், வளக்க மாட்டோம். எங்க தாத்தா காலத்துலேர்ந்தே கெடையாது." ஏன் என்று கேட்டேன். "தெரியாது சார். யாரோ ஒரு அம்மா வாணாம்னுட்டாங்களாம். கையத் தூக்குங்க."

தூக்கினேன். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அந்த அம்மாளின் பெயர், வீடு, காலம், மகள், இனி வரப்போகும் எல்லாமே என் கைச்சரக்கு. ஷரீஃபின் உறவுக்காரர்கள் யாராவது படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டு அம்மாள் வேறு, இவள் வேறு. இவளை உண்டாக்கியவன் நான். உண்டாக்கிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் ஆண்டு, மயிலாப்பூரில் கால்வாய்க்கரையை ஒட்டிய ஒரு சந்தில், காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை—"

அடித்துவிட்டேன். கதிரவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. ஆண்டும் சந்தும் மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவது: "கோழிகளின் உலகில் இரக்கத்துக்கு இடமில்லை." இது பள்ளிக்கூடக் கட்டுரை. படித்த எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாவது: "ஜைதூன் பீ முற்றத்தில் கூடையைக் கவிழ்த்தாள்." இது நிற்கும். இதிலிருந்து போவோம்.

ஜைதூன் பீ, நூலுக்குச் சாயம் தோய்க்கும் வலியுல்லாவின் மனைவி. கொல்லை முற்றத்தில் ஆறேழு கோழிகள் வைத்திருந்தாள். அவற்றுக்குத் தலைவி ஒரு கருங்கோழி. அதற்கு வீட்டில் படீ பீ என்று பெயர், பெரிய அம்மாள் என்று அர்த்தம். படீ பீ தின்று முடித்த பிறகுதான் மற்றவை தவிட்டில் வாய் வைக்கும். அந்த மாதம் அடைகாத்துக் குஞ்சு பொரித்த கோழியைக் கீரிப்பிள்ளை கொண்டுபோய்விட்டது. தாயில்லாமல் ஐந்து குஞ்சுகள் மிஞ்சின. அவற்றைத்தான் கூடைக்குள் விட்டுக் கவிழ்த்தாள்.

கூடைக்கு வெளியே கோழிகள் சுற்றிச் சுற்றி வந்தன. கூடைக்குப் பக்கத்தில் அவள் மகள் குல்சும் குந்தியிருந்தாள்.

3

(அம்மாவும் மகளும் வீட்டுக்குள் பேசியது உருது. எனக்கு உருது வராது. சந்தில் அவர்கள் பேசிய தமிழையே இங்கேயும் வைக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

"இன்னாத்துக்கும்மா இதுங்கள இங்க வெச்சிக்கீற?"

"பாத்துப் பழகட்டும்னுதான். கூடை கீறதால கொத்த முடியாது. கொஞ்ச நாளு மொறைச்சிக்கினு திரியும், அப்பால சலிச்சிப்பூடும். அப்ப கூடையத் தூக்கிட்டா ஒண்ணும் ஆவாது. ரெண்டு கொத்து வுழும், அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். எல்லா வூட்லயும் அப்டித்தான்."

சொன்ன பிறகுதான் ஜைதூன் பீக்குத் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது. வாசகரே, கோழிக்கும் மருமகளுக்கும் முடிச்சுப் போடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். என்னைக் கேட்காமல் அவளே போட்டுவிட்டாள்.

குல்சுமுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை பிரித்த புதுக் குடியிருப்பில் புருஷன் வீடு. மாமியார், மூன்று ஓரகத்திகள், எல்லாருக்கும் இளையவளாக இவள். பெருநாளைக்கென்று அம்மா வீட்டுக்கு வந்தவளின் இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. "கஞ்சி கொட்டிக்கிச்சி" என்றாள். ஜைதூன் பீ தேங்காயெண்ணெய் தடவினாள். பானை யார் கையில் இருந்தது என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாள்.

இந்த இடத்தில் மாமியாரை ஒரு ராட்சசியாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவளும் ஒரு காலத்தில் அந்த வீட்டுக்கு இளையவளாக வந்தவள்தான். புருஷன் மெஹபூப் பாஷாவைக் குடிகாரனாக்கிப் பார்த்தேன். அதுவும் ஒட்டவில்லை. அவன் நல்லவன். போட்டதைத் தின்றுவிட்டுத் தலை குனிந்தபடி கடைக்குப் போகிற நல்லவன். கதையில் திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தால் எழுதுகிறவனுக்குச் சுகம். இங்கே அந்தச் சுகமும் இல்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஜட்கா வரும், பெண் தயாராக இருக்கட்டும் என்று மாம்பலத்திலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். குல்சும் போக மாட்டேன் என்று சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள், அவ்வளவுதான். அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு பெண்கள். மூத்தவள் வாழாவெட்டியாக வந்து உட்கார்ந்துவிட்டால் அவர்களைக் கேட்டு யார் வருவார்கள்? இந்தக் கேள்வி ஜைதூன் பீயின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

குல்சும் கூடையின் இடுக்கு வழியாக விரலை விட்டு ஒரு குஞ்சைத் தொட்டாள்.

"இதுங்க பொழைச்சிக்கிச்சின்னா நான் போறேம்மா" என்றாள்.

பிழைக்காவிட்டால் என்பதை அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஐந்து குஞ்சுகளும் பிழைத்தே ஆக வேண்டும்.

4

பக்கத்துக் குடிசை முனியம்மாள் சுவர் மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னா பீபிம்மா, றெக்கையே மொளைக்கல, அதுக்குள்ள தொறந்து வுடப் போறியா? பெருசாவட்டுமே."

"வெள்ளிக்கெழம வண்டி வருது முனிம்மா."

"வண்டி வந்தா? குஞ்சா ஏறிப் போவப் போவுது?"

ஜைதூன் பீ கூடையை நிழலுக்கு நகர்த்தி வைத்தாள்.

அந்தச் சந்தில் எல்லார் வீட்டுக் கோழியும் ஒன்றாகத்தான் மேயும். யாருடையது எது என்று தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. முனியம்மாள் காலில் நீலக் கந்தல் கட்டுவாள். சாயக்காரர் வீட்டுக் கோழிக்கு இறக்கை நுனியில் சிவப்பு. அதை, கோழி வளர்ந்து தெருவுக்குப் போகத் தொடங்கும்போதுதான் வைப்பார்கள். குஞ்சுக்கு வைத்த வழக்கம் இல்லை. தாய்க்கோழி கூட இருக்கிற குஞ்சுக்கு அடையாளம் எதற்கு?

ஆனால் இவற்றுக்குத் தாய் இல்லை. ஜைதூன் பீ யோசித்தாள். படீ பீக்கு இறக்கையில் சிவப்பு இருக்கிறது. மற்றவற்றுக்கும் இருக்கிறது. இதுகளுக்கும் இருந்தால், நம் வீட்டுக் குஞ்சு என்று தெரிந்துகொள்ளாதா? காலமெல்லாம் சாயத்தோடு புழங்கியவளுக்கு வேறு எப்படி யோசிக்க வரும்? புருஷனின் தொட்டியில் மிஞ்சியிருந்த சிவப்பில் துணியை நனைத்தாள். இறக்கைதான் முளைக்கவில்லையே. ஒவ்வொரு குஞ்சின் உச்சந்தலையிலும் ஒரு ஒற்று ஒற்றினாள்.

மஞ்சள் பூம்பஞ்சின் மேல் சிவப்பு பளிச்சென்று இருந்தது. குல்சும் சிரித்தாள். வந்ததிலிருந்து அன்றுதான் சிரித்தாள்.

"கல்யாணப் பொண்ணு மாரி கீதும்மா" என்றாள்.

(குறிப்பு: கோழிக்குச் சிவப்பு என்றால் ரத்தம். எந்தக் குஞ்சின் மேல் அது தெரிகிறதோ அந்த இடத்தையே கொத்தும், கொத்த ஆரம்பித்தால் விடாது. இறக்கை நுனியில் காய்ந்துபோன பழைய சாயத்தைச் சட்டை செய்யாத கோழி, தலையில் புதிதாகப் பளபளப்பதைச் சட்டை செய்யும். இந்தக் குறிப்பை இரண்டு பக்கம் முன்னால் வைக்கலாமா என்று யோசித்தேன். வைத்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவளுக்குத் தெரிந்திருக்காது.)

5

வியாழக்கிழமை மத்தியானம் ஜைதூன் பீ கூடையைத் தூக்கினாள்.

குஞ்சுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. கோழிகள் நெருங்கி வந்தன. அவள் ஒரு கைப்பிடி நொய்யை இறைத்தாள். கோழிகளும் பொறுக்கின, குஞ்சுகளும் பொறுக்கின. அவள் நெஞ்சு இளகியது. அந்நேரம் சாயப்பட்டறையிலிருந்து வலியுல்லா, நூலைப் பிழிய ஒரு கை கொடு என்று கூப்பிட்டார். போனாள்.

படீ பீ தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு, மிக நிதானமாக,

இல்லை. இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

முந்தாநாள் வேறு மாதிரி எழுதி வைத்திருந்தேன். அதில் படீ பீ ஒரே ஒரு கொத்து கொத்திவிட்டு ஒதுங்கிப் போனது, ஐந்து குஞ்சுகளும் அந்தி மயங்கும்போது அதன் இறக்கைக்குள் புகுந்துகொண்டன. காலையில் படித்துப் பார்த்தேன். பொய் என்று ஒவ்வொரு எழுத்தும் சொன்னது. கிழித்துப் போட்டேன்.

ஜைதூன் பீ திரும்பி வந்தபோது மூன்று கிடந்தன. இரண்டு, தண்ணீர்த் தொட்டியின் இடுக்கில் தலையைச் செருகிக்கொண்டிருந்தன. அவற்றின் தலையில் பஞ்சும் இல்லை, தோலும் இல்லை. படீ பீ மண்ணில் அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் கல்லெறியக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அடுப்பங்கரையில் குல்சும் தங்கைகளோடு பேசுவது கேட்டது. அது ஒன்றுதான் அவள் காதில் விழுந்தது.

மூன்றையும் முந்தானையில் வாரிக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் போனாள். சாய வண்டல் கொட்டுகிற இடத்தில், கையாலேயே மண்ணைப் பறித்தாள். மூடிவிட்டு, தொட்டியில் கை கழுவினாள். தண்ணீர் சிவந்து ஓடியது. சாயம் எது, மற்றது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

6

மிஞ்சிய இரண்டையும் மறுபடி கூடைக்குள் விட்டு, மேலே துணியைப் போட்டு மூடினாள். குல்சும் வந்தாள்.

"கையில இன்னாம்மா?"

"சாயம்."

"மிச்சம் மூணு எங்க?"

"முனிம்மா கேட்டுக்கினே இருந்தா. குட்த்துட்டேன்."

"இதுங்க?"

"நல்லா கீது. கலைக்காத, தூங்கட்டும்."

குல்சும் குனிந்து துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சுவருக்கு அப்பால் முனியம்மாள் தன் கோழிகளை எண்ணிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், அங்கே குஞ்சுச் சத்தம் எதுவும் இல்லை. குல்சும் துணியை முன்போலவே இழுத்து மூடினாள். கலைந்த மடிப்பைக்கூட நீவி விட்டாள்.

"சரிம்மா. பொழைச்சிக்கிச்சி" என்றாள். "நான் போறேன்."

இந்த வரியை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளை அழ வைக்க நினைத்திருந்தேன். அம்மாவை நாலு வார்த்தை கேட்க வைக்க நினைத்திருந்தேன். அவள் அம்மாவுக்காகப் பொய்யை ஏற்றுக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஜைதூன் பீயும் எதிர்பார்க்கவில்லை. மகளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். அடுப்பங்கரையில் சின்னவர்கள் இருவரும் எதற்கோ சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

7

மருதாணி வேண்டாம் என்று இரண்டு தடவை அடித்தேன். சிவப்புக்குச் சிவப்பு என்று நானே ஜோடித்த மாதிரி இருக்கும். ஆனால் புருஷன் வீட்டுக்குப் போகிற பெண்ணை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. வியாழன் சாயங்காலம் ஜைதூன் பீ இலையை அரைத்தாள். மகளின் கையை மடியில் வைத்துக்கொண்டு இட்டாள். வெந்த தோலில் படாமல் பார்த்துப் பார்த்து இட்டாள்.

வெள்ளிக்கிழமை கழுவிப் பார்த்தபோது நன்றாகப் பற்றியிருந்தது.

இப்போது ஜட்கா சந்துமுனையில் நிற்கிறது. குல்சும் வாசலில் நிற்கிறாள். ஜைதூன் பீ அவள் கையைப் பிடித்திருக்கிறாள். பிடித்தபடி அந்தக் கையைப் பார்க்கிறாள். உள்ளங்கையின் நடுவில் வட்டமாக, புதிதாக, பளிச்சென்று சிவப்பு. இதை இட்டதும், நேற்று கூடையைத் தூக்கிய தன் அதே கைகள்தான் என்று அவளுக்குப் புரிகிறது.

ஒரு முடிவு: "போவாத" என்கிறாள். ஜட்கா காலியாகத் திரும்புகிறது. கீழே உள்ள இரண்டு பெண்களையும் கேட்டு யாரும் வருவதில்லை. மூன்று பெண்களும் சாயத்தொட்டிக்குப் பக்கத்திலேயே நரைக்கிறார்கள். ஒருநாள் கடைசிப் பெண் குல்சுமைப் பார்த்து, உன்னாலதான் என்கிறாள்.

இன்னொரு முடிவு: கையை விடுகிறாள். அடுத்த பெருநாளைக்கு மாம்பலத்திலிருந்து ஒரு ஆள் மட்டும் வருகிறான். அவன் என்ன சொன்னான் என்பதை நான் எழுத மாட்டேன்.

இரண்டிலும், அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் கோழி வளர்க்கவில்லை. ஷரீஃப் சொன்ன ஒற்றை வரி இரண்டுக்கும் பொருந்துகிறது. அதனால் எனக்கு ஒரு உதவியும் இல்லை. மூன்றாவதாக ஒன்று இருக்குமா என்று இத்தனை நாள் தேடினேன். முப்பத்து மூன்றில், அந்தச் சந்தில், அவளுக்கு வேறு கதவு எதையும் என்னால் திறக்க முடியவில்லை.

ஜட்காக்காரர் இரண்டாவது தடவை குரல் கொடுத்துவிட்டார். ஜைதூன் பீ என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். உங்களைத்தான் பார்க்கிறாள். விடுவதா, பிடிப்பதா, நீங்கள் சொல்லுங்கள். சொல்வதானால் இப்போதே சொல்லுங்கள். அம்மாவுக்கு வலிக்காதபடி, மெதுவாக, குல்சும் தன் கையை உருவிக்கொண்டிருக்கிறாள்.