டிசம்பர் பூ கொலை வழக்கு

தங்கராசு கொலை செய்தது புரட்டாசியில். செத்தவை, மஞ்சக்குப்பத்து வீட்டில் மனைவி பிரிசில்லா வளர்த்த டிசம்பர் பூச்செடிகள். அவள் மகளின் பிரசவத்துக்குச் சிதம்பரம் போன மறுநாளே மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்.

மனிதரும் எவ்வளவுதான் பொறுப்பார்? வருஷம் பூரா பூவே காட்டாமல் தின்று கொழுத்த செடிகள், ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தைப் பிடித்து, கடைசியில் அவருடைய உயிரான வெண்டைப் பாத்தியிலும் கால் வைத்தன. வேரோடு பிடுங்கி, பக்கத்துக் காலி மனைக்குள் வீசிவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு போன்.

"நாளைக்கு மதியம் வந்துடுவேங்க. கோயில் குடிலைச் சுத்தி நம்ம டிசம்பர் பூதான்னு சாமியார்கிட்ட சொல்லிட்டேன். பூத்திருக்கா?"

"அமோகமா!" என்றது வாய்.

வீசியதில் ஏதாவது மிச்சமிருக்குமா என்று மாடிக்கு ஓடி எட்டிப் பார்த்தார். காலி மனை முழுக்க ஊதா! வீசிய செடிகள் ஐப்பசி மழையில் வேர் பிடித்து, ஒடிந்த குச்சியெல்லாம் தனித்தனிச் செடியாகி, கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன.

மனை பிரிசில்லாவின் தம்பி செம்பியனுடையது. அவன் காதில் விழுந்தது அக்கா காதுக்குப் போக அரை நாள் ஆகாது. வேறு வழியில்லை, போய் நின்றார்.

"மச்சான், கொஞ்சம் செடி வேணும்..."

"ஓ! வீசுன மகராசன் நீங்கதானா மாமா? கொஞ்சம்லாம் கெடையாது. பொங்கல் கழிச்சு அஸ்திவாரம் போடுறேன். ஒன்னு விடாம வாரிக்கினு போங்க. அக்காகிட்ட மூச்சு விட மாட்டேன், மாதா சத்தியம்!"

வீசியது ஒரு பங்கு, திரும்பியது மூன்று பங்கு. நட்டு முடித்தபோது இடுப்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை. வெண்டைப் பாத்தியில் இரண்டே வெண்டைச் செடிதான் பூவுக்கு நடுவே தலைகாட்டிற்று.

ஆட்டோவிலிருந்து இறங்கிய பிரிசில்லா கன்னத்தில் கை வைத்தாள்.

"அட! நான் வெச்சதைவிட ஜாஸ்தியா இருக்கே!"

"தெனம் தண்ணி ஊத்துனேன்ல."

அவள் கண் கலங்கிவிட்டது. "இந்த ரெண்டு வெண்டை மட்டும் பூவை மறைக்குதுங்க. புடுங்கிடுங்களேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினார்.

மதிலுக்கு மேல் செம்பியனின் தலை முளைத்தது.

"மாமா! அதையும் இந்தப் பக்கம் வீசிடாதீங்க!"

பிரிசில்லா மெல்லத் திரும்பி, கணவனின் நகக்கண்ணில் இருந்த ஈர மண்ணைப் பார்த்தாள்.