போக்கஸுக்கு உட்கார்ந்தவன்

என் தம்பி மதன் வாங்கிய லென்ஸை அவனுடைய கேமராவே லென்ஸ் என்று ஒப்புக்கொள்ளவில்லை. மாட்டியதும் 'லென்ஸ் இல்லை' என்று திரையில் எழுதிக் காட்டியது. கேமராவுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லையேடா என்று நான் அன்றைக்கே சொன்னேன். அவன் மெனுவுக்குள் எங்கோ போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ படம் எடு என்று கேமராவுக்கு உத்தரவு போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மைசூரில் ஹெப்பாள் பக்கம் ஒரு பெரிய கம்பெனி வளாகத்தில் ஏசி பராமரிப்பு வேலை அவனுக்கு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து யாரோ உபயோகித்த டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கினான். அதற்குப் பொருத்தமான லென்ஸ் வாங்க வழியில்லை. அதனால் பிலிம் காலத்து லென்ஸ் ஒன்றை இணையத்தில் மலிவாகப் பிடித்து, நடுவில் ஒரு இரும்பு வளையம் வைத்து மாட்டிக்கொண்டான். நல்ல கனம். தானாக ஒரு வேலையும் செய்யாது. முகம் தெளிவாக விழவேண்டும் என்றால் கையால் திருக வேண்டும். எதிரில் இருப்பவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் மறுபடி திருக வேண்டும். குக்கரஹள்ளி ஏரிக்குப் போய்க் கொக்குப் படம் எடுத்து வருவான். கொக்கைக் காட்டுடா என்றால், கொக்குக்குப் பின்னால் இருக்கிற கோரைப்புல்லை அத்தனை தெளிவாகக் காட்டுவான்.

சும்மா சொல்லக் கூடாது, எப்போதாவது ஒன்று சரியாக விழுந்தால் எனக்கே வாயடைத்துப் போகும். அம்மா பூண்டு உரிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்தான். அம்மாவின் நரைத்த முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, பின்னால் இருந்த அடுப்படி பால் போலக் கரைந்திருந்தது. அந்த ஒரு படம்தான் எல்லா வம்புக்கும் காரணம். அதற்குப் பிறகு அவன் யார் பேச்சையும் கேட்கிற நிலைமையில் இல்லை.

என் மகள் அஷ்வினிக்கு முடி எடுப்பது பதினோராம் மாதமே நடந்திருக்க வேண்டியது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முதல் முடி இறக்க வேண்டும். அந்தச் சமயம் மதன் வேலையாகப் புனேயில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. மாமன் இல்லாவிட்டால் என்ன, உன் பெரியப்பா மகன் இருக்கிறானே, அவன் மடியில் வைத்து முடித்துவிடலாம் என்று என் மாமியார் மாதேவி குண்டலுபேட்டையிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கூடப் பிறந்தவன் ஒருவன்தான், அவன் மடியில்தான் என் பிள்ளைக்கு முடி இறங்கும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மாமியார் என்னோடு சில மாதம் பேசவே இல்லை. இரட்டை வயதில் எடுக்கக் கூடாது என்பதால் மூன்றாம் வயது வரை தள்ளிப்போனது. பிள்ளை தலையில் சடையும் சிக்குமாக, சீப்பு வைத்தாலே அலறுவாள். அத்தனையும் பொறுத்துக்கொண்டது அவனுடைய மடிக்காகத்தான்.

நாள் குறித்ததும் அவனிடம் தெளிவாகச் சொன்னேன்.

"மதன், கேமராவ வீட்டுல வெச்சிட்டு வா. உன்ற மடி மட்டும் வந்தாப் போதும்."

"மடியும் வரும், போட்டோவும் வரும்க்கா. மஞ்சு எடுப்பான்."

மஞ்சுநாத்துதான் அந்தப் பெரியப்பா மகன். மைசூர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஆட்டோ ஓட்டுகிறான், நல்ல பையன்.

"அவன் போன்லயே எடுக்கட்டுமே."

"போன் பொய்யா மழுப்பும்க்கா. பின்னால இருக்கறத மழுப்பறப்போ காதையும் சேத்து மழுப்பிரும். இது ஒருக்காத்தான் வரும் படம். சுவத்துல பெருசா மாட்டோணும்."

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஒத்திகை நடந்தது. லென்ஸின் வளையத்தில் ஒரு அளவு பார்த்து நிறுத்தி, அசையாமல் இருக்க டேப் ஒட்டினான். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோட்டில் நின்று மஞ்சுநாத் பொத்தானை அமுக்கினால் போதும், வளையத்தைத் தொடவே கூடாது. கேமராத் திரையில் எந்த இடம் தெளிவாக இருக்கிறதோ அந்த ஓரமெல்லாம் சிவப்பாக மினுங்கும், அஷ்வினியின் கண்ணில் சிவப்பு மினுங்கும்போது அமுக்கு என்று பாடம் எடுத்தான். அவள் பிறந்தநாளுக்கு நான் எடுத்த ஜிகினா கவுனைப் போட்டுப் பார்த்ததும் திரை முழுக்கச் சிவப்பு. "அக்கா, இந்த டிரஸ் வேண்டாம், போக்கஸ ஏமாத்துது" என்றான். பிள்ளைக்கு எந்தத் துணி போடுவது என்று இனி உன் லென்ஸைக் கேட்டுத்தான் செய்ய வேண்டுமா என்று கத்திவிட்டு அதே கவுனைத்தான் போட்டேன்.

நஞ்சன்கூட்டுக்குக் காலை ரயிலில் போனோம். என் கணவர் முடி எடுக்கிற சீட்டு வாங்கிவந்தார். கபிலை ஆற்றங்கரையில் நாவிதர் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பம் பிள்ளைகளோடு காத்திருந்தது. மதன் சம்மணமிட்டு உட்கார்ந்து அஷ்வினியை மடியில் வாங்கினான். அந்த நிமிஷம் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்படியே கத்தியை வைத்திருந்தால் என் பாடு முடிந்திருக்கும்.

மஞ்சுநாத் படிக்கல்லில் போட்ட கோட்டில் நின்று நாலைந்து தடவை அமுக்கினான்.

"காட்டு, காட்டு" என்றான் மதன், மடியில் பிள்ளையோடு.

பார்த்தால், நாவிதருடைய தண்ணீர்ச் சொம்பு பளிச்சென்று விழுந்திருந்தது. அஷ்வினியின் முகம் ஆவி படிந்த மாதிரி இருந்தது.

"முன்ன சாயறடா நீ. மூச்ச விட்டாக்கூடப் போயிரும். மறுபடி எடு."

மறுபடி எடுத்தான். இந்தத் தடவை ஜிகினா ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது. நாவிதர் தலையை நனைத்து முடித்துவிட்டார். பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தாள். மாமியார் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"மாராய, எனக்கு இது கைக்கு வரல" என்று மஞ்சுநாத் கேமராவை நீட்டினான். "போன்ல நாலு எடுத்துத் தர்றேன், வுடு."

"உனக்குக் கைக்கு வரலேன்னா படம் என்ன பண்ணும்? கோட்டுல நில்லு."

தலைக்குத் தடவ வேண்டிய சந்தனத்தை மேலே மண்டபத்தில் பையோடு விட்டுவந்தது அப்போதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. எடுத்துவரக் கிளம்பினேன். போகிறபோதே, "போதும்டா மதன், கத்தி வெக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத்தான் படியேறினேன். "ஆச்சுக்கா, ஆய்துக்கா" என்றான்.

சந்தனத்தோடு திரும்பி வரும்போது பிள்ளையின் அழுகைச் சத்தம் நின்றிருந்தது. முதல் முடிக்கற்றை ஈரத்தோடு துணியில் கிடந்தது. நாவிதர் இரண்டாவது கற்றையை வழித்துக்கொண்டிருந்தார். அஷ்வினி மஞ்சுநாத்தின் மடியில் இருந்தாள்.

மதன் சாக்பீஸ் கோட்டுக்குப் பின்னால் ஒரு காலை மடக்கிக் குந்திக்கொண்டு, கேமராவை முகத்தோடு அழுத்தி வைத்திருந்தான்.

"மதன், என்னடா பண்ற?"

"இரு அக்கா, இரு. யாரும் அசையாதீங்க" என்றான், கண்ணை எடுக்காமல்.

நடந்ததை அம்மாதான் சொன்னாள். மஞ்சு, நீ ஒரு நிமிஷம் உட்காரு, நானே போக்கஸ் வைத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்காருகிறேன் என்று மதன் எழுந்தானாம். மஞ்சுநாத் பிள்ளையை வாங்கி ஆட்டோ சாவியை ஆட்டிக் காட்டினானாம். அழுகை நின்றது. மதன் அந்தப் பக்கமிருந்து அம்மு, இங்க பாரு என்று கூப்பிட, அவளும் அசையாமல் மாமனைப் பார்த்தாளாம். அந்த நாவிதருக்கு யார் தாய்மாமன் என்று எப்படித் தெரியும்? அழுகிற பிள்ளை அடங்கினால் கத்தி வைப்பது அவர் வழக்கம்.

"மகு சும்மனே இத்தம்மா, அதுக்கே ஷுரு மாட்பிட்டே" என்றார். குழந்தை சும்மா இருந்தது, ஆரம்பித்துவிட்டேன் என்று அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

மஞ்சுநாத்துக்கு முகம் செத்துப்போயிருந்தது. "அக்கா, நான் போக்கஸுக்குத்தான் உக்காந்தேன்" என்று பாதி எழுந்தான். அம்மா அவன் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

"கத்தி வெச்சாச்சு சாமி. இனி மடி மாத்தக் கூடாது. அப்படியே இரு."

நான் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதனுக்குக் கத்தி தெரியாமலா இருந்திருக்கும்? கத்தி தலைக்கு வருவதை எல்லோரையும்விடத் தெளிவாகப் பார்த்தவன் அவன்தான். நிறுத்துங்க என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் இருந்தது. அவன் பொத்தானை அமுக்கினான். எனக்கு அழுகை வந்தது, கோபத்தில் வருகிற அழுகை. பிள்ளைக்கு முடி இறங்கும்போது தாய் அழக் கூடாது என்று அம்மா என் கையைக் கிள்ளினாள்.

மாமியார் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"இந்த மடிதான்னு நான் அன்னிக்கே சொன்னேனேம்மா" என்று மட்டும் சொன்னார்.

ஸ்நானம் முடிந்து, சாமி கும்பிட்டு, மண்டபத்தில் உட்கார்ந்து கொண்டுபோன சித்ரான்னத்தைச் சாப்பிட்டோம். அஷ்வினி சந்தனம் பூசிய தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சுநாத் சாப்பிடாமல் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று எழுந்து போனான். மதன் தூணில் சாய்ந்து கேமராவைத் தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு முகமெல்லாம் வெளிச்சமாக என்னிடம் வந்தான்.

"அக்கா, கோவத்த அப்புறம் வெச்சுக்கோ. இத மட்டும் பாரு."

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்துவிட்டேன். அவன் இதுவரை எடுத்த எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது. ஈர முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. இமையில் ஒரு கண்ணீர்த் துளி விழாமல் நின்றது. நாவிதருடைய கை பாதி வரைக்கும் தெரிந்து, பிறகு கரைந்து போயிருந்தது. ஆறு வெறும் வெளிச்சமாக இருந்தது. ஜிகினாகூட அழகாகத்தான் மின்னியது. அம்மா வாங்கிப் பார்த்துத் திருஷ்டி கழித்தாள். என் கணவர், இதைப் பெரிசாப் போட்டு மாட்டணும் என்றார். மாமியாரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், நல்லா இருக்குது என்றார்.

பிள்ளையின் வயிற்றைச் சுற்றி மஞ்சுநாத்தின் இரண்டு கைகளும் இருந்தன. மணிக்கட்டில் கட்டிய சிவப்புக் கயிற்றின் நூல் பிரிந்திருந்ததுகூடத் தெரிந்தது.

"இது யாரு மடிடா?" என்று கேட்டேன்.

அவன் சட்டை நுனியால் திரையைத் துடைத்தான்.

"நாளைக்கி இவ வளந்து, மாமா எங்கன்னு கேட்டா என்ன சொல்றது நானு? உனக்காகத்தான்டா இத்தன நாள் எல்லாரு கிட்டயும் பேச்சு வாங்கினேன். எழுந்து வந்து நிறுத்தக் கூடாதா?"

"கண்ணுல கரெக்டா விழுந்துருச்சுக்கா. அப்ப வுட்டா திரும்ப வராது."

"மடி வருமா திரும்ப?"

அவன் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. பிறகு ஏதோ தோன்றியவன் மாதிரி படத்தைப் பெரிதாக்கினான். முகம், கண், அப்புறம் கருவிழி மட்டும். அதைக் கண்டுபிடித்ததில் அவன் குரலுக்கு உயிர் வந்தது.

"நான் எங்கக்கா இல்லாமப் போனேன்? இதா பாரு. அவ கண்ணுக்குள்ள இருக்கறேன். என்னத்தான் பாத்துட்டு இருக்கறா."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். கருவிழியின் நடுவில் ஆற்றின் வெளிச்சம், அதற்கு முன்னால் பொடியாக ஒரு ஆள் குந்தியிருந்தான். சட்டை அவனுடையது. இரண்டு முழங்கையும் விரிந்திருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பெட்டியும் வட்டமாக ஒரு கண்ணாடியும் இருந்தன.

"உன் மூஞ்சி எங்கடா?" என்றேன்.

மதன் இன்னும் பெரிதாக்கினான். படம் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பித்தது. அவன் விடாமல் பெரிதாக்கிக்கொண்டே இருந்தான்.