வாக்கு பலித்த வாத்தியார்

"பஸ்ஸு பின்னால போச்சா இல்லையாடா? அதை மட்டும் சொல்லு."

"போச்சுக்கா. நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"ஏழு நாளும் போச்சா இல்லையா?"

"போச்சு, போச்சு. ஆனா அதை நான் வேணும்னேதான்... என்னைக் கொஞ்சம் பேச விடுறியா?"

"பூதலூர் டேஷன்லேருந்து நம்ம ஊரு வரைக்கும் பின்கண்ணாடிய முன்னால வச்சிக்கிட்டு வந்துச்சு. ஏறி எறங்கினவ நான். எங்கிட்ட வந்து நம்பிக்கை இல்லேங்கற!"

"வாய்க்கு வந்ததைச் சொன்னேங்க்கா. அத்தனையும் பொய்!"

"பொய்யின்னா பஸ்ஸு எப்புடிடா பின்னால போகும்?"

முப்பத்திமூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்தவர் மருதையன். கேட்டது அவருடைய அக்கா வேம்பு. வைகாசியில் அவர் வாக்குச் சொன்னபடியே அந்த டவுன் பஸ் ஒரு வாரம் பின்புறமாகவே ஓடியதை ஊரே பார்த்தது. முன்சீட்டுக்கு அடித்துக்கொள்கிறவர்கள் கடைசி சீட்டைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கண்டக்டர் மீதிச் சில்லறையை இறங்கும்போது தருகிறேன் என்றார், வழக்கம்போலத் தரவில்லை.

மருதையன் கீழத்தெரு வீரனார் கோயிலின் சாமியாடி. அவர் அப்பாவும் அப்பாவின் அப்பாவும் அதே அரிவாளைப் பிடித்து ஆடியவர்கள். அந்த அரிவாளைக் கையில் வாங்கியவன் ஊர் எல்லைக்கு வெளியே ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது என்பது கட்டு. மருதையன் இருபத்திரண்டு வயதில் வாங்கினார். முத்துப்பேட்டைக்குத் தலைமை ஆசிரியராகப் போகச் சொல்லி உத்தரவு வந்தபோது வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். தன் கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் வீட்டு விருந்தையே பாதியில் விட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் சைக்கிளை மிதித்து ஊருக்கு வந்து சேர்ந்தவர். மனைவி அம்சம் அதை இன்னமும் சொல்லிக் காட்டுகிறாள்.

அவருக்கு நம்பிக்கை போனது பெரிய சம்பவம் ஒன்றும் இல்லை. ஒரு புரட்டாசியில் காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ஏழாவது தாளுக்கும் எட்டாவது தாளுக்கும் நடுவில் அது போய்விட்டது. தேடிப் பார்க்க வேண்டுமென்று தோன்றவில்லை. மிச்சத் தாள்களையும் திருத்தி முடித்தார். ஆனால் வெள்ளிக்கிழமை வந்ததும் அக்கா வேம்பு மஞ்சள் வேட்டியைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். கட்டிக்கொண்டு போய் ஆடினார். கண்ணை உருட்டி, நாக்கைத் துருத்தி, மூட்டுவலியோடு குதித்துப் பொய்யாய் ஆடிய முதல் ஆட்டம் அது.

அதுவரைக்கும் உண்மையாக ஆடின காலத்தில் அவர் சொன்ன வாக்கு ஒன்றுகூடப் பலித்ததில்லை. மழை வரும் என்றார். கடைமடையில் நாற்று கருகியது. ஆண் குழந்தை என்றார். வரிசையாக மூன்று பெண். ஊரில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பொய்யாக ஆட ஆரம்பித்த நாளிலிருந்து சொன்னதெல்லாம் நடந்தது. வாயில் வந்ததை உளறினால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, கீழத்தெருக் கோழிகள் அவித்த முட்டை இடும் என்றார். நாற்பது நாள் இட்டன. "அடுப்பு மிச்சம்" என்றாள் அம்சம். உப்பும் போட்டே இட்டிருக்கலாம் என்று இரண்டு வீட்டில் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

பெயர் வெளியூருக்கும் போயிற்று. சென்னையிலிருந்து காரில் கல்யாணம் என்பவர் வந்தார். ஒரு காலத்தில் இந்த ஊர் நஞ்சை முழுக்க அவர்கள் வீட்டுடையது. அவருடைய தாத்தா மருதையனின் தாத்தாவை வாய்க்காலுக்கு அந்தக் கரையிலேயே நிற்கவைத்துக் கூலி நெல்லை அளந்து போடச் சொன்னவர். பேரன் இப்போது சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, கீழத்தெருப் புழுதியில் கைகட்டி நின்று, மகன் வெங்கிக்கு விசா வருமா என்று கேட்டார். "சாணியில வரும், போ" என்றார் மருதையன். மறுநாள் காலை கார் போகிற வழியில் ஒரு மாடு போட்ட சாணிக்குள் வெங்கியின் பாஸ்போர்ட் இருந்தது, முத்திரை குத்தி, ஒரு ஓரம்கூட நனையாமல். கோமாதா கொடுத்தது என்று கல்யாணம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படித்தவர், வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

மருதையன் இப்படியே காலத்தை ஓட்டியிருப்பார். தன் பொய் தன்னோடு போகும் என்றிருந்தவருக்கு இந்த ஆனித் திருவிழாவில் அரிவாளைச் சேரன் கைக்கு மாற்றிவிடுவது என்று வேம்பு முடிவு கட்டியது தெரிந்தது. சேரன் மருதையனின் ஒரே பிள்ளை. ஓசூரில் வேலை கிடைத்து, திங்கட்கிழமை சேர வேண்டும். புருஷன் போனபின் பிறந்த வீட்டுக்கு வந்து அவனைத் தூக்கி வளர்த்தவள் வேம்பு. அத்தை சொன்னால் அவன் தலையை ஆட்டுவான். ஆட்டியும்விட்டான். அதனால்தான் மருதையன் பதினோரு வருடம் மூடி வைத்திருந்ததை அன்று அக்காவிடம் திறந்தார்.

"நம்பறதுக்கு உன்னை யாருடா கேட்டா?" என்றாள் வேம்பு. "ஆடத்தானே சொன்னோம்?"

மேற்கொண்டு பேசிப் பயனில்லை என்று மருதையனுக்குப் புரிந்தது. வாத்தியார் மருதையன் சொன்னால் ஒருத்தரும் கேட்கப் போவதில்லை. சாமி வாயால் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

திருவிழா வெள்ளிக்கிழமையின் உச்சி வேளை. பக்கிரி பம்பையை முழக்க, மருதையன் மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட ஆடினார். சேரன் மாலையோடு குனிந்து நின்றான். வேம்பு கற்பூரத் தட்டோடு முன்னால் வந்தாள்.

"வீரனாரே, உன் ஆயுதத்தை இந்தப் புள்ளை கையில கொடுக்கப் போறோம். உத்தரவு சொல்லு!"

மருதையன் அரிவாளை உயரத் தூக்கினார். "சாமின்னு ஒண்ணும் கெடையாதுடா!" என்று கத்தினார். "நானும் கெடையாது!"

அவர் சொன்னதுபோலவே ஆயிற்று. பீடத்தில் மீசையும் வாளுமாக நின்றிருந்த கல் வீரனார் இல்லை. உடுத்தியிருந்த பட்டு வேட்டி ஒரு நொடி ஆள் உருவத்திலேயே நின்று, பிறகு மடங்கி விழுந்தது. எலுமிச்சம்பழங்கள் உருண்டன. பக்கத்தில் மண்குதிரை மட்டும் கடிவாளத்தோடு நின்றது. பக்கிரிக்கு ஒரு அடி தவறியது, அடுத்த அடியில் பிடித்துக்கொண்டார்.

மருதையன் ஜனங்களைப் பார்த்தார். இப்போதாவது ஒருத்தர் வீட்டுக்குப் போவார் என்று பார்த்தார். வேம்பு தட்டைக் காலிப் பீடத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினாள். எல்லோரும் தொட்டு ஒற்றிக்கொண்டார்கள். சாமியே நேரில் வந்து தான் இல்லையென்று சொல்லிவிட்டுப் போகிறதென்றால் எத்தனை ஊருக்கு அந்தக் கொடுப்பினை என்று பேசிக்கொண்டே பொங்கல் வாங்கினார்கள்.

உத்தரவு கொடுக்கச் சாமி இல்லாததால் அரிவாள் கைமாறவில்லை. சேரன் அன்று சாயங்காலமே ஓசூருக்கு வண்டி ஏறிவிட்டான். மறுவாரம் முதல் பூசை காலிப் பீடத்துக்கு நடந்தது. அபிஷேகப் பால் எதன் மேலும் படாமல் நேராகக் கல்லில் விழுந்தது. ஆடியில் வெறும் பல்லக்கு ஊர்வலம் போயிற்று. தூக்கியவர்களுக்குத் தோள் வலி மிச்சம். ஒன்றும் இல்லாத அந்த இடத்தை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று கல்யாணம் கம்பிக்கதவு செய்து அனுப்பினார். பூட்டின் சாவி வேம்புவின் இடுப்பில் இருக்கிறது.

ஆவணி பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மருதையன் இரண்டு சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். பிள்ளையோடு ஓசூரில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாமென்று நினைத்தார். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு வேறு ஆசை இருக்கவில்லை. வாசலில் வேம்பு மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக நின்றிருந்தாள். பையைப் பார்த்தாள். கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகத்தான் கேட்டாள்:

"சாமிதான் இல்லேன்னு ஆயிப்போச்சு. நீயும் இல்லேன்னா எப்புடிடா தம்பி?"