வட்டங்களுக்கு நடுவே ஒரு சதுரம்

கல்லறைத் திருநாளன்று குடும்பக் கல்லறைகளைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவது பதினேழு வயது குளோரியாவின் வேலை. 2004ஆம் வருடம், பெங்களூர் கல்லறைத் தோட்டத்தில், தேய்க்கத் தேய்க்க, இறந்தவர்களின் வயதுகள் தெளிந்தன. அப்பாவின் அம்மா, நாற்பத்தொன்று. அப்பாவின் அக்காமார் இருவர்: முப்பத்தொன்பது, முப்பத்து நான்கு.

அவள் கை நின்றது. முந்தின நாள்தான் அப்பாவின் தங்கை பிரிஜெட்டுக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியாகியிருந்தது. அப்போது டாக்டர் ராஜலக்ஷ்மி ஒரு தாளில் குடும்பத்தையே வரைந்தார். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம்.

"வேற யாருக்காவது இந்த நோய் இருந்துச்சா?"

"யாருக்கும் இல்ல மேடம். எல்லாம் டைபாய்டு," என்றார் அப்பா பெர்னார்ட். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

"டாடி, மூணு பேருக்குமா டைபாய்டு?" என்றாள் குளோரியா இப்போது.

மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த பெர்னார்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவா பேசுடி! ஞாயித்துக்கெழம சர்ச்ல உங்கக்கா மௌரீனோட கல்யாணத்த அறிவிச்சு ஓலை வாசிக்கப் போறாங்க. மாப்ள வீட்டுக்காரங்க இங்கதான் எங்கியோ இருக்காங்க."

"அக்காவுக்கு வந்தாலும் டைபாய்டுதானா? எனக்கு வந்தா?" அவள் நாரைக் கீழே போட்டாள். "பயமா இருக்கு டாடி."

"உனக்கு ஏண்டி வருது? அதெல்லாம் பொம்பளைங்க வழியா வர்றது. உங்கம்மா வீட்டுல ஒருத்திக்கும் இல்லியே!"

சொல்லிவிட்டு அவர் மூன்று கற்களையும் பார்த்தார்.

மறுநாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னார். நோய் வந்ததன் அடையாளமாகத் தாளில் மூன்று வட்டங்கள் கறுத்தன. டாக்டரின் பென்சில் ஒரு சதுரத்தில் வந்து நின்றது.

"இது நீங்க."

"நான் ஆம்பள மேடம்!"

"மரபணு அதெல்லாம் பாக்காது சார். நம்ம டிஎன்ஏவோட முந்நூறு கோடி எழுத்துல எங்கியோ ஒரு சின்ன மாற்றம். உங்க அம்மாகிட்டருந்து உங்களுக்கு வந்திருக்கலாம். வந்திருந்தா, உங்க ஒவ்வொரு பொண்ணுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மொதல்ல பிரிஜெட் ரத்தத்துல தேடுவோம். கெடச்சா மத்தவங்களுக்கும் பாக்கலாம். இருந்தாலும் நோய் வந்தே தீரும்னு இல்ல. முன்னாடியே தெரிஞ்சா கண்காணிக்கலாம்."

குளோரியா தன் மணிக்கட்டின் பச்சை நரம்பைப் பார்த்தாள். அவள் கண்ணால்கூடக் காணாத அந்தப் பாட்டியின் உடம்பிலிருந்த ஓர் எழுத்து, அப்பாவுக்குள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, இங்கே வரைக்கும் வந்திருக்குமோ? பயத்தையும் மீறி அவளுக்கு மெய்சிலிர்த்தது.

வெளியே வந்ததும் பெர்னார்ட் ஆட்டோவைக் கைகாட்டினார்.

"மௌரீனக் கூட்டிட்டு மாப்ள வீட்டுக்குப் போறேன். ஓலைக்கு முன்னாடி சொல்லிடணும்னு அவளே சொல்லிட்டா."

"கல்யாணம் நின்னுட்டா?"

"நின்னா நிக்கட்டும். அம்மா செத்த நோவ மறைக்காம இருந்திருந்தா, எங்கக்காங்க மார்ல வந்த கட்டிய அப்பவே டாக்டர்கிட்ட காட்டியிருப்பாங்க. நோவு ரத்தத்துல வந்துது, அதுக்கு யாரும் பொறுப்பில்ல. மறைச்சது நாங்கதான். குடும்ப நோவ மூடி மறைச்சா மானம் நிக்காதுடி, புள்ளைங்க உசுருதான் போவும்."