தணிகைவேலின் மெழுகுக் கட்டை

திருப்பதியில் அந்த மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் அகிலாவைப் போல மெழுகுக் கட்டை சீவ ஆள் கிடையாது. நோயாளியிடம் வெட்டியெடுத்த சதையை மெழுகில் பொதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவாள். தேடுகிற புரதம் இருந்தால் சதை பழுப்பாகும். கைக்காரிதான், யார் இல்லையென்றது? அந்தக் கைதான் இந்தப் பாவத்தையும் செய்தது.

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளைப் பற்றிப் பேராசிரியர் முரளிதரன் ஓர் ஆய்வு நடத்தினார். அறுபது பேருடைய கட்டைகள். ஒவ்வொரு தடவையும், சாயம் சரியாக ஏறியதா என்று பார்க்க, நிச்சயம் பழுப்பாகிற சதை ஒன்றையும் கூடவே வைக்க வேண்டும். அதற்கென்று தனிக் கட்டை வைத்துக்கொள்வதுதான் முறை. அகிலாவோ நகரி விசைத்தறிக்காரர் தணிகைவேலின் கட்டையை எடுத்துக்கொண்டாள். காதடியில் எடுத்த கட்டி அது. அவ்வளவு அழகாகப் பழுப்பேறும். ஆபரேஷன் முடிந்து ஆள் நன்றாக இருக்கிறார், இனி இது யாருக்கு வேண்டும் என்று நினைத்தாள். சீவினாள், சீவினாள், வெறும் மெழுகு மிஞ்சும்வரை சீவினாள்.

இரண்டு வருடத்தில் கட்டி திரும்ப வந்தது. மண்டையோட்டின் அடிவரை போய்விட்டதால் ஊசி வைத்துச் சதை எடுக்கவும் வழியில்லை. சித்தூர் டாக்டர் கடிதம் எழுதியிருந்தார்: பழைய கட்டையில் இன்னொரு புரதத்தைத் தேடிப் பாருங்கள், இருந்தால் ஒரு மருந்து கொடுக்கலாம், வேறு எதுவும் கைவசம் இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு தணிகைவேலின் மனைவி கன்னியம்மாள் பஸ் ஏறி வந்தாள்.

சாயம் சோதித்த சீவல்களெல்லாம் அப்போதே குப்பைக்குப் போய்விட்டன; மிச்சமிருந்தது முதன்முதலில் நோயைக் கண்டுபிடிக்க எடுத்த ஒரே ஒரு ஸ்லைடு. முட்டை வெள்ளைக்கரு தடவி ஒட்டிய சாதாரணக் கண்ணாடி. பழைய சாயத்தைக் கழுவிவிட்டு, புது சாயம் பிடிப்பதற்காகக் குக்கரில் வேகவைக்க வேண்டும். அந்தக் கொதிப்பை இந்தக் கண்ணாடி தாங்காது என்று அகிலாவுக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தாள், வேறென்ன செய்வாள்? திறந்தபோது கண்ணாடி வெறுமையாக இருந்தது. தண்ணீரில் பாலாடை மாதிரி ஏதோ மிதந்தது. தூரிகையால் தொட்டதும் அதுவும் பிய்ந்து போயிற்று.

வெளியே கன்னியம்மாள் எழுந்து நின்றாள்.

"இன்னாம்மா, அது இருக்குதா?"

"பாக்க முடியலம்மா. சதை தீந்துபோச்சு."

"எப்டி தீரும்? நெல்லிக்கா அளவுக்கு எடுத்தாங்க. நானே பாத்தேனே."

ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். அகிலாவுக்கு மனசு வரவில்லை.

"நான்தான் செலவு பண்ணிட்டேன். மத்தவங்க சதையில சாயம் சரியா ஏறுதான்னு பாக்கறதுக்கு, ஒவ்வொரு வாட்டியும் உங்க வீட்டுக்காரரோடத வெச்சிக்கினே வந்தேன்."

கன்னியம்மாள் கத்தவில்லை, திட்டவுமில்லை. அதுதான் அகிலாவை வதைத்தது.

"எத்தினி பேரு?"

"அறுபது."

"சரி. அவங்களாச்சும் பொழச்சிக்கினாங்களா?"

இறந்தவர்களுக்கு இனித் தேவைப்படாது என்றுதான் முரளிதரன் அந்தக் கட்டைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

"இல்லம்மா. அவங்க எல்லாரும் அதுக்கு முன்னாடியே போயிட்டவங்க."

கன்னியம்மாள் டாக்டர் கடிதத்தை மடித்துக்கொண்டாள்.

"அப்போ உசுரோட இருந்தவரு இவரு ஒருத்தர்தான்."

அகிலா தலையாட்டினாள்.