ஸஹ்லி வீட்டார் தரையில் இருந்த முப்பத்தோரு வருஷம்

நபவிய்யா தன் பாட்டில் எந்தக் குடும்பத்தின் பேரைச் சொல்லி சலாம் கூறினாளோ, அந்தக் குடும்பத்தார் தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பினார்கள். பாட்டு முடிந்ததும் இறங்கினார்கள். எகிப்தில் கினா நகரத்துக்குத் தெற்கே, நைலின் மேற்குக் கரையில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாடகர் பேர் சொல்லி சலாம் கூறியே ஆக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பேர் விட்டுப்போனாலும் வெட்டுக்குத்துதான். அதனால் நபவிய்யா பாடும் கல்யாணங்களில் தேநீர் கொடுக்க உயரமான ஆட்களாகப் பார்த்து வைத்தார்கள். அவள் பாட்டு கேசட்டாக வந்த காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு வேனில் போகிறவர்கள் கூரையில் தலையை முட்டிக்கொண்டார்கள். கூரையின் உட்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஒரு வீடு மட்டும் எழும்பவில்லை. அது அவள் பிறந்த வீடு, அவள் அப்பா ஸஹ்லியின் வீடு. பத்தொன்பது வயதில் அவள் ஆண்கள் முன்னால் பாடக் கிளம்பியபோது, அண்ணன் மஹ்ரான் வாசலை மறித்துக்கொண்டு சத்தியம் வாங்கினான்.

"எங்க வேணா போய்ப் பாடு. ஆனா அப்பா பேரு உன் வாயில வரக் கூடாது."

முப்பத்தோரு வருஷம் அவள் வாயில் அது வரவில்லை. வீம்பில் அவளும் அண்ணனுக்குச் சளைத்தவள் இல்லை. ஊரே மிதக்கும்போது ஸஹ்லி வீட்டார் பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவர் உள்ளங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளங்காலைக் காட்டுவதைவிடப் பெரிய அவமானம் எங்களுக்குக் கிடையாது. யாருடைய செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் மஹ்ரானுக்கு அத்துப்படி.

பிறகு மஹ்ரானின் மகள் நஜாத்துக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நபவிய்யாவைத்தான் அழைத்திருந்தார்கள். அஸர் தொழுகை முடிந்து பாட்டு தொடங்கும் நேரம், நஜாத் மருதாணிக் கையோடு மேடைக்கே போய்விட்டாள்.

"அத்தை, அவரு மேல போயிருவாரு, நான் கீழயே நிப்பேன். கல்யாணத்தன்னிக்கே புருஷனோட உள்ளங்காலையா நான் பாக்கணும்?"

"உங்கப்பன்கிட்ட கேளுடி. பூட்டு போட்டது நானில்ல."

எல்லோரும் மஹ்ரானைப் பார்த்தோம். மீசையைத் தடவினான். தடியால் தரையைக் கிளறினான். சும்மா சொல்லக் கூடாது, பார்க்கவே பாவமாக இருந்தது.

"சொல்லித் தொலை" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அப்பா பேரச் சொல்லும்மா. உன் வாயில கேட்டு ரொம்ப நாளாச்சு."

வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டை முதலில் பாடிவிட்டு, ஸஹ்லியின் பிள்ளைகளுக்கு சலாம் என்று நபவிய்யா இழுத்துப் பாடினாள். நாற்பத்திரண்டு பேர் எழும்பினார்கள். நஜாத் தன் புருஷனின் தோளுக்கு நேராகப் போய் நின்றாள். மஹ்ரான் தடியைக் கீழே விட்டுவிட்டு, குழந்தை மாதிரி காலை ஆட்டிக்கொண்டு அழுதான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேடையைப் பார்த்தோம். நபவிய்யாவும் மேலே இருந்தாள். அவளும் ஸஹ்லியின் பிள்ளைதான் என்பது இத்தனை வருஷமாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மைக் அவளுக்கு எட்டவில்லை. ரபாபா பிடில் வாசிக்கிறவர் நாற்காலிமேல் ஏறி அதைத் தூக்கிப் பிடித்தார். அவள் அடுத்த குடும்பத்தின் பேரைப் பாடினாள்.